ஹலோடாக், டேண்டம்: முகம் தெரியாத ஒருவருக்கு முதல் வரி எழுத எது உதவும்?

ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல், அதோடு சரி. என்5 என்ற தொடக்கத்திலிருந்து என்1 வரையான நிலைகளில் என்4 தேறிய ஒருவர் எதிரில் ஒரு ஜப்பானியர் வந்து நின்றால், 'ஹஜிமெமஷிதே' சொல்லி, பேரைச் சொல்லி, அதற்கு மேல் வாய் வராமல் நிற்பது அதனால்தான். ஜெர்மன் படிப்பவர்களின் நிலை வேறு. கோத்தே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் தேர்வில் பேச்சு ஒரு தனிப் பகுதி. ஏ1 என்ற தொடக்க நிலையிலேயே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, கேள்வி கேட்டு, பதிலும் சொல்லியாக வேண்டும். ஆனால் முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவருக்குப் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அதுவும் எதிரில் இருப்பவர் நம்மைப் போலவே தடுமாறும் இன்னொரு தமிழர்.

இந்தக் குறைக்காகத்தான் மொழிப் பரிமாற்ற ஆப்கள் இருக்கின்றன. நான் உனக்கு என் மொழி, நீ எனக்கு உன் மொழி என்பதுதான் ஏற்பாடு. பரவலாக அறியப்பட்ட இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம். ஹலோடாக் 2012இல் தொடங்கியது. டேண்டம் 2015இல் பெர்லினிலிருந்து வந்தது. இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளின் பேரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் அடிப்படைச் சேவை இலவசம். இங்கே பார்க்கப்போவது ஒன்றே ஒன்றை: தமிழ் பேசும் ஒருவர், முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சைத் தொடங்கி, அது மறுநாளும் தொடர, எந்த ஆப் எவ்வளவு கை கொடுக்கிறது?

முதல் சிக்கல்: தாய்மொழி என்ற கட்டம்

கணக்குத் திறக்கும்போதே உங்கள் தாய்மொழி எது, கற்கும் மொழி எது என்று கேட்கும். பலர் யோசிக்காமல் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் பாதி விஷயம் முடிவாகிறது. உங்கள் தாய்மொழியைக் கற்பவர், நீங்கள் கற்கும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர், இந்த இரண்டும் சேர்ந்தவரைத்தான் ஆப் உங்களுக்கு முதலில் தேடும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பவர்கள் ஏராளம். தமிழ் கற்பவர்கள் மிகக் குறைவு. தமிழ் என்று உள்ளதை உள்ளபடி போட்டால் வரும் பட்டியல் சிறியது. அதைப் பார்த்துவிட்டு 'ஆளே இல்லை' என்று ஆப்பை நீக்கிவிடுபவர்கள் நிறைய பேர்.

இந்த இடத்தில் டேண்டம் நமக்கு வசதியானது. தாய்மொழி என்று ஒரு கட்டம், சரளமாகப் பேசும் மொழி என்று இன்னொரு கட்டம், கற்கும் மொழி என்று மூன்றாவது. தாய்மொழி தமிழ், சரளம் ஆங்கிலம், கற்பது ஜப்பானியம் என்று மூன்றையும் உண்மையாகவே நிரப்பலாம். ஆங்கிலம் தேடும் ஜப்பானியர் கண்ணிலும் படுவீர்கள், தமிழ் தேடுபவர் கண்ணிலும் படுவீர்கள். ஹலோடாக்கின் இலவசக் கணக்கு அடிப்படையில் ஒரு தாய்மொழி, ஒரு கற்கும் மொழி என்ற கணக்கில் நடப்பது. அங்கே சிலர் தாய்மொழி ஆங்கிலம் என்று போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம். முதல் குரல் செய்தியிலேயே எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபின் நீங்கள் சொல்லும் மற்ற எதையும் அவர் நம்ப வேண்டிய தேவை இல்லை. தமிழ் என்றே போட்டுவிட்டு, சுயஅறிமுகத்தின் முதல் வரியில் 'பள்ளி முதல் ஆங்கிலவழிப் படிப்பு, ஆங்கில உரையாடலுக்கு உதவ முடியும்' என்று எழுதுங்கள். பட்டியல் சிறிதாக இருந்தாலும், 'மொமென்ட்ஸ்' பகுதி அந்தக் குறையை ஈடுசெய்யும். அதைப் பின்னால் பார்ப்போம்.

தமிழ் தேடி வருபவர்கள் யார் என்று தெரிந்துகொள்வதும் உதவும். வெளிநாட்டில் வளர்ந்து, தமிழ் கேட்டால் புரியும், பேச வராது என்று இருக்கும் நம் பிள்ளைகள். தமிழரை மணந்தவர்கள். வேலைக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ வந்து தங்கிய வடஇந்தியர்கள். ஜப்பானில் ரஜினி ரசிகர்கள். 1998இல் 'முத்து' அங்கே திரையரங்குகளில் ஓடியதிலிருந்து அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இவர்களுக்கு நீங்கள் அரிய ஆள். ஆங்கிலம் பேசுபவரை அவர்கள் ஆயிரம் பேரைப் பார்த்திருப்பார்கள். தமிழ் சொல்லித்தர முன்வருபவரின் செய்தியைத் திறக்காமல் விடமாட்டார்கள்.

ப்ரொஃபைல்: இரண்டாவது ஆளின் வேலையைக் குறைப்பது

டேண்டம் மூன்று தலைப்பு கொடுத்து எழுதச் சொல்கிறது: எதைப் பற்றிப் பேசப் பிடிக்கும், எப்படிப்பட்ட துணை வேண்டும், கற்பதன் இலக்கு என்ன. முகம் தெளிவாகத் தெரியும் படமும் கேட்கும். கணக்கைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் உள்ளே விடும் என்பதால் சில சமயம் காத்திருக்க நேரும். இது தொல்லையாகத் தோன்றினாலும் நல்லதே. ஹலோடாக்கில் வெற்று ப்ரொஃபைல்கள் கண்ணில் படும் அளவுக்கு டேண்டத்தில் படுவதில்லை. கேள்வி வைத்து எழுதச் சொன்னால் யாரும் ஏதாவது எழுதுவார்கள். வெறும் பெட்டியை நீட்டி 'உங்களைப் பற்றி' என்றால் 'நான் எளிமையான மனிதன்' என்றுதான் வரும்.

'இசை, சினிமா, பயணம் பிடிக்கும்' என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்று. அதைப் படித்துவிட்டு யாராலும் ஒரு கேள்வி கேட்க முடியாது. 'ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் வடகம் பிழிவோம்', 'பஸ்ஸில் வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம், அதில்தான் கான்ஜி (ஜப்பானியத்தில் வரும் சீன எழுத்து) படிக்கிறேன்' என்று எழுதிப் பாருங்கள். வடகம் என்றால் என்ன, ஒன்றரை மணி நேரமா, எந்த ஊர் என்று தானாகக் கேள்வி வரும். முன்பின் தெரியாதவர் பிடித்துக்கொள்ள இப்படி இரண்டு கைப்பிடி இருந்தால் போதும். ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். அவர் படிப்பது அவருக்கு அந்நிய மொழியில்.

முதல் செய்தி

ஒரு தட்டில் கையசைக்கும் பொம்மை அனுப்பும் வசதியை இந்த மாதிரி ஆப்களில் பார்க்கலாம். பயன்படுத்தாதீர்கள். இதைப் பற்றி எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு: பேச்சைத் தொடங்க வைப்பதாகச் சொல்லும் வசதிகளில் பேச்சை அதிகம் கெடுப்பது இதுதான். கையசைப்பு வந்தால் பதிலுக்குக் கையசைக்கலாம். அடுத்து என்ன? இருவரும் கையசைத்துவிட்டு நிற்கிறார்கள். 'ஹாய்', 'ஹவ் ஆர் யூ' இரண்டுக்கும் கதி அதுதான். 'ஹவ் ஆர் யூ'வுக்கு 'ஃபைன்' என்று ஒரு சொல் வரும், பந்து திரும்ப உங்கள் கையில்.

நமக்கே உரிய இன்னொரு சறுக்கல், 'சாப்டீங்களா?'. தமிழில் அது நலம் விசாரிப்பு. பதில் முக்கியமில்லை, கேட்டதுதான் முக்கியம். அதை அப்படியே ஜப்பானியத்தில் 'கொஹான் தபெமஷித கா?' என்று முதல் வரியாக அனுப்பினால், அவர் அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்வார். எதற்குக் கேட்கிறார், சேர்ந்து சாப்பிட அழைக்கிறாரா என்று குழம்புவார். ஜெர்மனியிலும் அப்படியே. இந்தக் கேள்வியை நான்காவது ஐந்தாவது நாளுக்கு வைத்துக்கொண்டு, 'எங்கள் ஊரில் வணக்கத்துக்குப் பதில் இப்படித்தான் கேட்போம்' என்ற விளக்கத்தோடு அனுப்புங்கள். அப்போது அதுவே அரைமணி நேரப் பேச்சு ஆகும்.

பலன் தரும் முதல் செய்திக்கு மூன்று உறுப்புகள்: அவர் பேர், அவர் பக்கத்தில் நீங்கள் பார்த்த ஒரு பொருள், ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. தனாகா என்பவர் ஒரு குழம்புத் தட்டின் படம் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

'ஹஜிமெமஷிதே. சென்னை நோ பிரியா தெஸ். தனாகா-சான் நோ கரே நோ ஷஷின் ஓ மிமஷித. ஒய்ஷிசோ தெஸ் நே. இந்தோ நோ கரே தெஸ் கா, நிஹோன் நோ கரே தெஸ் கா?'

வணக்கம், நான் சென்னை பிரியா, உங்கள் கறிக்குழம்புப் படத்தைப் பார்த்தேன், சுவையாக இருக்கும்போலத் தெரிகிறது, அது இந்தியக் கறியா ஜப்பானியக் கறியா? என்5 இலக்கணத்துக்கு மேல் இதில் எதுவும் இல்லை. 'அதுவா இதுவா' என்ற கேள்வி என்பதால் பதில் சொல்ல அவர் யோசிக்க வேண்டியதில்லை. 'நிஹோன் நோ கரே தெஸ்' என்று வந்தாலும் போதும். கட்டியாக விற்கும் ஜப்பானியக் கறி மசாலா, நம் மிளகாய்த்தூள், இரண்டுக்கும் நடுவே பேச எவ்வளவோ இருக்கிறது.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. அகராதியில் 'நீங்கள்' என்பதற்கு 'அனத்தா' என்று இருக்கும். அதைப் போட்டு எழுதாதீர்கள். பேரோடு 'சான்' சேர்த்து, தனாகா-சான் என்று பேரையே திரும்பத் திரும்பச் சொல்வதுதான் அங்கே மரியாதை. மூத்தவரை நேருக்கு நேர் 'நீ' என்று சொல்லாமல், 'அண்ணன் எப்ப வந்தீங்க' என்று உறவைச் சொல்லிப் பேசும் நமக்கு இது பிடிபடாத விஷயம் அல்ல. ஜெர்மனில் இதற்கு நேர்மாறு: தெருவில் 'ஸீ' (நீங்கள்) என்று சொல்லும் அதே ஆள், இந்த ஆப்களில் 'டூ' (நீ) என்றுதான் எதிர்பார்ப்பார். அங்கே 'ஸீ' போட்டால் அலுவலகக் கடிதம்போல இருக்கும்.

முதல் செய்தியை மொழிபெயர்ப்புக் கருவியிலோ ஏஐயிலோ கொடுத்துப் பளபளப்பாக்கி அனுப்புவது இப்போது பெருகிவிட்டது. அதில் வரும் கேடு உடனே தெரியாது. நீங்கள் என்2 நிலை ஜப்பானியத்தில் எழுதினால் அவரும் அதே நிலையில் பதில் எழுதுவார். அதைப் படிக்க மறுபடி கருவி, பதில் எழுத மறுபடி கருவி. மூன்று நாளில் இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொண்டிருக்கும், நீங்கள் நடுவில் நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பிழை உங்கள் நிலையை அவருக்குச் சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் அவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

நேரமும் முக்கியம். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தி. நம் மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் அனுப்பினால் அங்கே எட்டரை முதல் பத்தரை, வேலை முடிந்து உட்காரும் நேரம். இரவுச் சாப்பாடு முடிந்து நாம் ஒன்பதரைக்கு அனுப்புவது அவருக்கு நள்ளிரவு ஒரு மணி. ஜெர்மனி குளிர்காலத்தில் நான்கரை மணி, கோடையில் மூன்றரை மணி பிந்தி. நம் இரவு ஒன்பதரை அவர்களுக்கு மாலை ஐந்து அல்லது ஆறு. ஜெர்மன் படிப்பவர்களுக்கு நம் இரவு நேரமே தோது. ஹலோடாக் எதிராளியின் உள்ளூர் நேரத்தைக் காட்டும். அனுப்பும் முன் ஒருமுறை அதைப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு எழுதினால் போதும். ஒரே செய்தியை இருபது பேருக்கு ஒட்டினால் ஆப்பே தடை போடக்கூடும். போடாவிட்டாலும் ஏழு பேர் ஒரே நேரத்தில் பதில் போட்டால் ஏழையும் கவனிக்க முடியாமல் எல்லாம் விட்டுப்போகும்.

மொமென்ட்ஸ்: கூச்சம் உள்ளவர்களுக்கான வாசல்

ஹலோடாக்கை நாங்கள் பரிந்துரைப்பதற்கான முதல் காரணம் இந்தப் பகுதி. ஒரு படமும் கற்கும் மொழியில் இரண்டு வரியும் போட்டால், அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கண்ணில் அது படும். அவர்கள் வந்து பிழை திருத்துவார்கள், கருத்து எழுதுவார்கள். யாரையும் தேடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் தானாக விசாரிப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி. இங்கே உங்கள் தாய்மொழி தமிழ் என்பது தடையும் அல்ல.

என்ன போடலாம்? டபரா செட்டில் ஆற்றிய ஃபில்டர் காபி, மழையில் நின்ற மாநகரப் பேருந்து, வாசல் கோலம். கோலத்தின் கீழே 'இதை அரிசி மாவில் போடுகிறோம், எறும்பு தின்னும்' என்று எளிய ஜப்பானியத்தில் ஒரு வரி, கடைசியில் ஒரு கேள்வி. கேள்வி இல்லாத பதிவுக்கு விருப்பக்குறி வரும், பேச்சு வராது. பிழை திருத்தியவருக்கு அங்கேயே நன்றி சொல்லுங்கள். அவர் பதிவு ஒன்றுக்குப் போய் நீங்களும் ஒரு வரி எழுதுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை ஆன பிறகு தனிச்செய்தி அனுப்பினால், நீங்கள் அவருக்கு முன்பின் தெரியாத ஆள் இல்லை.

திருத்தும் கருவி

இரண்டு ஆப்களிலும் செய்தியை அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்ப்பு, திருத்தம் முதலியவை வரும். திருத்தத்தில் பழைய வரி கோடிட்டு நிற்கும், புதிய வரி அதன் கீழே. பார்த்ததும் எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். ஆசிரியர் நோட்டில் திருத்தித் தருவதைவிட இது தெளிவு.

தமிழர் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்றைப் பாருங்கள். 'எனக்கு ஜப்பானிய மொழி பிடிக்கும்' என்று நினைத்துக்கொண்டு 'வத்தஷி நி நிஹொங்கோ ஓ சுகி தெஸ்' என்று எழுதுவோம். நம் 'கு' அங்கே 'நி'யை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. திருத்தம் இப்படி வரும்: 'வத்தஷி வா நிஹொங்கோ கா சுகி தெஸ்'. இந்தக் 'கா', காந்தியில் வரும் கா. கேள்விக்குப் போடும் 'கா' காக்கையின் முதல் கா. சுகி என்பது வினையல்ல, 'பிடித்தமான' என்பதுபோல ஒரு சொல் என்று புரிந்துவிட்டால் இந்தப் பிழை மறுபடி வராது. அதை அவரிடமே கேளுங்கள். பிழைக்கு வெட்கப்பட்டு 'சாரி' என்று முடித்தால் பேச்சு முடிந்துபோகும். 'எங்கள் மொழியில் எனக்கு என்றுதான் சொல்வோம், அதனால் வந்த தப்பு' என்றால் அவருக்கு அது புதுச் செய்தி.

இதே வழியில் நமக்குக் கையில் இருக்கும் சரக்கு ஏராளம். 'சாப்பிட்டுப் பார்த்தேன்' என்பதை ஜப்பானியத்தில் 'தபெத்தே மிமஷித' என்பார்கள்; அங்கேயும் 'சாப்பிட்டு' என்பதற்குப் பின்னால் 'பார்' என்ற வினைதான் வருகிறது. கொரே, சொரே, அரே என்ற மூன்றுக்கும் இது, உது, அது. நடுவில் உள்ள 'உது' தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்துவிட்டது, யாழ்ப்பாணத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழ் கற்கும் ஜப்பானியரிடம் இதில் ஒன்றைச் சொன்னால் அன்றைய பேச்சுக்கு வேறு எதுவும் தேவையில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஜப்பானியத்தையும் தமிழையும் தொடர்புபடுத்திய ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோவின் ஆய்வைத் தூக்கிக்கொண்டு, 'உங்கள் மொழி தமிழிலிருந்து வந்தது' என்று தொடங்காதீர்கள். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்காத கருத்து அது. ஏற்றாலும்கூட, அறிமுகமாகும் முதல் நாளில் ஒருவரின் தாய்மொழிக்கு மூலம் எது என்று அவருக்கே பாடம் நடத்துவது பேச்சாகாது.

நீங்கள் அடுத்தவரைத் திருத்தும்போது அளவு வேண்டும். எழுதிய எல்லாவற்றையும் கோடிட்டுக் காட்டினால் அவர் எழுதுவதை நிறுத்திவிடுவார். மூன்று செய்திக்கு ஒரு திருத்தம், அதுவும் பொருளைக் கெடுக்கும் பிழைக்கு மட்டும். தமிழ் கற்பவரிடம் இன்னொரு கவனம்: அவர் புத்தகத்திலோ மொழிபெயர்ப்பிலோ பார்த்து 'நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?' என்று எழுதுவார். அது பிழை இல்லை, கோடிடக் கூடாது. கீழே தனியாக 'பேசும்போது: என்ன பண்ணிட்டிருக்கீங்க?' என்று எழுதுங்கள். எழுத்துத்தமிழ், பேச்சுத்தமிழ் என்று இரண்டு இருப்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது அவருக்குச் செய்யும் பெரிய உதவி. சொல்லாமல் விட்டால், சென்னையில் இறங்கி ஆட்டோக்காரரிடம் 'எவ்வளவு பணம் தர வேண்டும்?' என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

குரல்

எழுத்தில் நான்கைந்து நாள் போனபின் குரல் செய்தி. இருபது வினாடிக்குள் இரண்டு வாக்கியம். எழுதி வைத்து வாசிக்காதீர்கள். இரண்டு சொல் மட்டும் குறித்துக்கொண்டு பேசுங்கள். குறில் நெடில் பழகிய காது நமக்கு இங்கே பெரிய துணை. 'ஒபஸன்' என்றால் அத்தை வயதுப் பெண், 'ஒபாஸன்' என்றால் பாட்டி. ஆங்கிலேயர் திணறும் இந்த வேறுபாடு நமக்கு 'பல்', 'பால்' மாதிரி. நாம் திணறுவது ஸ, ஷ, ஆங்கில 'z' ஒலிகளிலும், சொல்லின் முதலில் வரும் க, ப போன்றவற்றை வல்லொலியாகவா மெல்லொலியாகவா சொல்வது என்பதிலும்தான். அதை மட்டும் பார்த்துத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். 'என் உச்சரிப்பு எப்படி?' என்று பொதுவாகக் கேட்டால் 'ஜோஸு தெஸ் நே', பிரமாதம் என்றுதான் பதில் வரும். அது மரியாதை, மதிப்பீடு அல்ல.

அழைப்பு என்றால் முன்கூட்டியே கேட்டு நேரம் குறியுங்கள். முப்பது நிமிடம் என்றால் பதினைந்து அவர் மொழி, பதினைந்து உங்கள் மொழி, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். வைக்காவிட்டால் ஆங்கிலமே எல்லா நேரத்தையும் விழுங்கிவிடும், இரண்டு பேரும் கற்க வந்தது நின்றுபோகும். திடீரென்று வீடியோ அழைப்பு போடுவது பலருக்கும் அத்துமீறல். ஒருமுறை போட்டால் அத்தோடு தொடர்பு முறிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெண்கள், மோசடி, பணம்

இந்த ஆப்கள் துணை தேடும் இடம் அல்ல என்று இரண்டுமே விதியாகவே வைத்திருக்கின்றன. ஆனாலும் அந்த எண்ணத்தோடு வருபவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் கணக்கு திறந்தவுடன் தனியுரிமை அமைப்புக்குப் போய், யார் தங்களைத் தேடிப் பார்க்கலாம் என்பதை முதலில் சுருக்கிக்கொள்ளுங்கள். ஊர், தெரு, கல்லூரி, வேலை செய்யும் இடம் எதுவும் ப்ரொஃபைலில் வேண்டாம், 'தமிழ்நாடு' போதும். தொல்லை என்றால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், புகார் கொடுத்துவிட்டு பிளாக். ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: வயது, கல்யாணம், சம்பளம், மதம். நம் ரயில் பயணத்தில் பத்து நிமிடத்தில் கேட்டு முடிக்கும் இந்த நான்கும் இங்கே முதல் மாதத்தில் வரக்கூடாது. படத்தின் அழகைப் புகழ்ந்து தொடங்கும் செய்தி எதுவும் மொழிக்காக வந்த செய்தி இல்லை என்று எதிரில் இருப்பவருக்கு உடனே தெரியும்.

மோசடிக்கு ஒரு தடம் உண்டு. அழகான படம், மிகச் சரளமான ஆங்கிலம், இரண்டாம் நாளே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ அழைப்பு. பிறகு கிரிப்டோ முதலீட்டு ஆலோசனை, அல்லது 'உனக்குப் பரிசுப் பார்சல் அனுப்பியிருக்கிறேன், சுங்கக் கட்டணம் கட்டு' என்ற செய்தி. மொழியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத மொழித்துணை என்பதே போதுமான அடையாளம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்; தேசிய சைபர் குற்றப் புகார் எண் அதுதான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு.

காசு கட்டிச் சேர வேண்டுமா? முதல் மாதம் வேண்டவே வேண்டாம். கட்டணக் கணக்கில் கிடைப்பது பெரும்பாலும் எல்லையில்லா மொழிபெயர்ப்பு, அருகில் இருப்பவரைத் தேடும் வசதி, கூடுதல் மொழி. மொழிபெயர்ப்பு வெளியே இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அருகில் இருக்கும் ஜப்பானியரைத் தேடுவதில் பலன் குறைவு. ஹலோடாக்கில் ஆங்கிலத்தையும் கற்பிக்கும் மொழியாகச் சேர்க்க வேண்டும் என்ற தேவை வந்தால் மட்டும் யோசிக்கலாம். அதற்கும் முதலில் டேண்டத்தை முயன்று பாருங்கள்.

ஹலோடாக்கின் திரை நெரிசலானது. நேரலை, பரிசு, அறிவிப்பு என்று கண்ணை இழுக்கும் சமாச்சாரங்கள் நிறைய. அறிவிப்புகளில் தனிச்செய்தியையும் மொமென்ட்ஸ் கருத்தையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். டேண்டத்தின் திரை சுத்தமானது, அங்கே துணையாக இருந்தவர்கள் எழுதிய பரிந்துரையும் ப்ரொஃபைலில் தெரியும். யாரிடம் பேசுவது என்று முடிவெடுக்க அது உதவும். ஜப்பானியம், கொரியம், சீனம் படிப்பவர்கள் ஹலோடாக்கில் தொடங்குங்கள். ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம் என்றால் டேண்டம். கூச்சம் அதிகம் என்றால் மொழி எதுவானாலும் மொமென்ட்ஸிலிருந்து.

முடிக்கத் தெரிய வேண்டும்

தொடங்கத் தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. பேச்சு வற்றும்வரை இழுத்துவிட்டு, இரண்டு பேரும் பதில் போடாமல் மறைந்துபோவார்கள். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, மறுநாளுக்கு ஒன்றை மிச்சம் வைத்து நிறுத்துங்கள்: 'நாளைக்கு அந்தக் கோலம் படம் அனுப்புகிறேன்' என்பதுபோல.

'போயிட்டு வரேன்' என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். ஜப்பானியத்தில் அதே பொருளில், அதே அமைப்பில் 'இத்தே கிமஸ்' இருக்கிறது, போய் வருகிறேன். வீட்டில் இருப்பவர் சொல்லும் பதிலும் 'போயிட்டு வாங்க' மாதிரியே, 'இத்தெரஷ்ஷாய்'. ஆனால் அது வீடுபோல, திரும்பி வரப்போகும் இடத்தை விட்டுக் கிளம்பும்போது சொல்வது. ஆப்பில் பேசி முடிக்கும்போது 'ஜா, மத்தா' (சரி, பிறகு பார்ப்போம்), இரவானால் 'ஒயசுமினசாய்' (இரவு வணக்கம்). இந்த வேறுபாட்டையே அவரிடம் ஒருமுறை கேளுங்கள். 'போறேன்' என்று மொட்டையாகச் சொன்னால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏன் திட்டுவார்கள் என்பதையும் சொல்லுங்கள். மறுநாள் அவர்தான் முதலில் எழுதுவார்.